முடிச்சை அவுத்துட்டுப் போடுங்க

கிரேன் நாற்காலியில் உட்காருகிறவர்கள் ரொம்ப யோசிக்கக் கூடாது என்பது என் கட்சி. எடுக்க வேண்டும், கொண்டுபோக வேண்டும், போட வேண்டும். மறுபடியும் எடுக்க வேண்டும். எங்கள் ஆலையில் கிரேன் ஓட்டிய அக்கா எடுப்பார், கொண்டுபோவார், போடுகிற நேரத்தில் நிறுத்திவிடுவார்.

நான் அப்போது குப்பை எரிக்கும் ஆலை ஒன்றில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஜூரோங்கையும் தாண்டி, இதற்கு மேல் போக ரோடு இல்லை என்று கம்பெனி பஸ் நிற்கிற இடம். ஊர்க் குப்பை லாரி லாரியாக வந்து ஒரு பெரிய குழியில் விழும். குழிக்கு மேலே கிரேன். கிரேன் கயிற்றில் தொங்குவது கிராப், இரும்பு விரல்கள் உள்ள ஒரு ராட்சசக் கை. அந்தக் கையை ஆட்டுவிக்கிறவர் சாய்ந்த கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அதே நீள அறையின் மறுகோடியில் என் மேசை. நடுவில் தடுப்பு கிடையாது. அவர் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும், நான் திட்டினால் அவருக்குக் கேட்கும். நான் நிறையத் திட்டினேன்.

திட்டியதற்குக் காரணம் இருந்தது. எடுத்த குப்பையைப் போடுகிற இடத்துக்கு ஹாப்பர் என்று பெயர். வாயகன்ற இரும்புப் புனல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஒரு தள்ளுபலகை முன்னும் பின்னுமாக நகர்ந்து குப்பையை நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். புனலில் நிரம்பி நிற்கிற குப்பைதான் நெருப்புக்கு மூடி. மேலேயிருந்து குப்பை வராமல் மட்டம் இறங்கினால் மூடியைத் திறந்த கதைதான். நெருப்பு அந்த வழியாகவே மேலே ஏறி வரும். ஏறி வந்தால் எதிரே ஒரு குழி நிறையக் குப்பை பற்றிக்கொள்ளக் காத்துக் கிடக்கிறது. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அதுதான் உத்தியோகம். மட்டத்தைக் காட்டும் திரையைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப்போகும்.

அக்கா எதற்காக நிறுத்துவார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய சேலைக்காக.

சிராங்கூன் ரோடு பக்கத்து லாரிகள் வந்தால் குப்பையோடு சேலைகளும் வரும். நம்மவர்கள் வீட்டை ஒழித்தால் கழித்துப்போட வேண்டியதையெல்லாம் ஒரு கிழிந்த சேலையில் கொட்டி, முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, பெரிய தொட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் பைக்கு அடங்காத சாமானுக்குச் சேலைதான் வசதி. அந்த மூட்டை கிராப்பின் ஒரு விரலில் மாட்டி, நடு வயிறு கனத்துத் தொங்கிக்கொண்டு மேலே வரும். சீன சூப்பர்வைசருக்கு அது துணி. மற்றொரு கிரேன்காரர் மலாய்க்காரர், அவருக்கும் துணி. அக்காவுக்கு அது தூளி. தூளியைப் பார்த்துவிட்ட பிறகு அதற்குள் குழந்தை இல்லை என்று அவர் மனத்துக்கு யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் பார்த்த உடனே தூளி மாதிரிதான் தெரியும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"தம்பி, ஒரு தடவை பாத்துட்டுப் போட்டுடறேன்" என்பார்.

"அக்கா, லெவல் இறங்குது!"

"இரு, இரு. மாதாவே... ஒரே ஒரு தடவை."

கிராப்பைக் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். எழுந்து நின்று, கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்ப்பார். பிறகு கிராப்பை லேசாக உதறுவார். மூட்டை பிரிந்து பழைய ஜாக்கெட்டும் தலையணை உறையும் கொட்டினால், "அப்பாடா" என்று உட்காருவார். பிரியாவிட்டால் மறுபடி உதறுவார். இந்தப் பக்கம் எனக்குக் கால் வியர்க்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக் காட்டினேன் ஒருநாள். "பேயா இருந்தா பரவாயில்ல தம்பி, எரிச்சிடலாம்" என்றார்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். ஒருநாள் அவர் என்னை மொழிபெயர்க்க வைத்து, பொறுமையாக அக்காவுக்கு விளக்கினார். லாரியிலேயே எல்லாவற்றையும் நசுக்கித்தான் கொண்டுவருகிறார்கள். அப்படியே உள்ளே ஏதாவது இருந்தாலும் அது உயிரோடு குழி வரை வந்து சேராது. நாம் நிறுத்திப் பார்த்து யாரையும் காப்பாற்றப் போவதில்லை. நானும் ஒன்று விடாமல் சொன்னேன். என் கட்சியை இன்னொருவர் வாயால் சொல்வதில் எனக்கு ஒரு சுகம்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உயிரில்லன்னா பாக்காமலே எரிச்சிடலாமான்னு கேளு தம்பி" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

லீவு நாளில் மனிதர்கள் தூங்குவார்கள், அல்லது சிவனே என்று ஒரு மால் பக்கம் போய் வருவார்கள். அக்கா பூசை முடிந்து, கோயிலிலிருந்து நேராகத் தேக்கா கடைத்தெருவுக்கு வருவார். அவர் கோயில் என்றால் மாதா கோயில். தீபாவளி அவர் பண்டிகை இல்லை, ஆனால் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் வீடு ஒழிக்கும் ஜனங்களை நினைத்து நினைத்து அவருக்குத்தான் இருப்புக் கொள்ளாது. சேலைக்கடை வாசலில் நின்று, வருகிற போகிற பெண்களிடம், "பழசெல்லாம் தூக்கிப் போடறப்ப முடிச்சை அவுத்துட்டுப் போடுங்கம்மா" என்பார். அவர்கள் ஏதோ மதப் பிரசாரம் என்று நினைத்து வேகமாக நடப்பார்கள்.

ஒருமுறை நானே என் கண்ணால் பார்த்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கும் இடம். அக்கா நல்ல பட்டுச்சேலையில், கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு, ஒரு மூட்டையைக் கீழே இழுத்துப் போட்டுக் குந்தி உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் துடைப்பத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? சாமான் ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல ஐயா, சும்மா."

"சும்மாவா? இப்படி அவுத்துக் கொட்டுனா யாரு பெருக்கறது? நான்தான் லா!"

அக்கா அவர் துடைப்பத்தை வாங்கித் தானே பெருக்கிக் கொடுத்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மறுநாள் வேலையில் போய், அக்காவுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர் வைத்தேன். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். ஜேப்படித் திருடருக்குச் சொல்கிற பெயர் ஆயிற்றே என்று அக்காவும்தான் சிரித்தார். கோபம் வராத மனிதரைக் கேலி செய்வதில் ஒரு கஷ்டம் உண்டு, பாதியில் நமக்கே அலுத்துவிடும்.

என் மகள் பிறந்து சில மாதம் ஆகியிருந்தபோது அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கொக்கி மாட்டித் தூளி கட்டியிருந்தோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா சோபாவில் உட்கார்ந்து தே தண்ணி குடித்தார், என் மனைவியிடம் விலைவாசி பேசினார், எழுந்து போய்த் தூளியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடியும் எழுந்தார். பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பிள்ளை வீரிட்டு எழுந்து அழுதது. அக்காவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

அவர் போன பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இவங்க? பிள்ளையத் தூங்கவே விடல. பாக்க பாக்க எனக்கே பயமா இருக்கு. இவங்க வீட்டுல ஏதாச்சும் நடந்துச்சா?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ஆலையில் எல்லோருக்கும் இருந்தது. ஆளாளுக்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, எனவே என்று ஆரம்பிக்கும் கதைகள். ஒரு மதியம் கேன்டீனில் நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஏதாவது நடந்திருக்கா? பிள்ளை விஷயமா?"

அக்கா நெத்திலியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே யோசித்தார். மறைக்கிற யோசனை இல்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிற யோசனை.

"இல்லையே தம்பி. எதுவும் நடக்கல." பிறகு என்னைப் பார்த்தார். "நடந்திருந்தாத்தான் பாக்கணுமா?"

கதை ஒன்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாவம், அவருக்கு அப்படி நடந்துவிட்டது, அதனால் பயப்படுகிறார் என்று எடுத்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது அந்தப் பயம் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது.

தீபாவளிக்கு முந்திய ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. மலாய்க்காரர் ஓட்டும் மற்ற கிரேனைப் பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். ஹாப்பர்களுக்கெல்லாம் அக்கா ஒருவர்தான் போட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் திரையில் ஒரு ஹாப்பரின் மட்டம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அக்கா பெரிய பிடியாக அள்ளி எடுத்தார். விரலில் ஒரு பச்சைச் சேலை மூட்டை, மாங்காய்க் கரை போட்டது. இரண்டு பக்கமும் இறுக்கி முடிச்சு. அக்கா நிறுத்தினார்.

"தம்பி, ஆடுது."

"கிரேன் நின்னா ஆடத்தான் செய்யும். போடுங்கக்கா."

"இல்ல. உள்ள ஆடுது."

மட்டம் குறைந்துவிட்டது என்று மணி அடிக்கத் தொடங்கியது. அக்கா உதறினார், முடிச்சு பிரியவில்லை. சூப்பர்வைசர் ஓடி வந்து, "அக்கா, ஃபீட் லா! ஃபீட்!" என்று குப்பையைப் போடச் சொல்லிக் கத்தினார். அக்கா கிராப்பை ஹாப்பருக்கு எதிர்த்திசையில் திருப்பினார். லாரிகள் குப்பை கொட்டும் தளத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவது போல மூட்டையை அங்கே இறக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் ஹாப்பரின் வாயிலிருந்து புகை வந்துவிட்டது. நான் ஹாப்பர் கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன். கதவு பாதியில் எதிலோ மாட்டி நின்றது. புகைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டேன். குழி பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் ஆற அமர நினைத்துப் பார்க்க முடியாது. பற்றவில்லை. தண்ணீர் வென்றது. உலை அணைந்து, ஆலையின் ஒரு பக்கம் முழுக்க நின்றுபோனது.

நாங்கள் கீழே ஓடினோம். அக்கா எங்களுக்கு முன்னால் மூட்டைக்கு அருகில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தொழிலாளி கத்தியால் முடிச்சை அறுத்துக் கொடுத்திருந்தார். உள்ளே திரைச்சீலைகள், மூடியில்லாத குக்கர், ஒரு ஜோடிப் பள்ளிக்கூடச் சப்பாத்து.

"ஒண்ணும் இல்ல தம்பி!" என்று அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர். "ஒண்ணுமே இல்ல!"

பின்னால் புகை நாற்றம் அடிக்கிறது, உலை செத்துக் கிடக்கிறது, இவர் பிள்ளை பிறந்த வீட்டில் சர்க்கரை கொடுப்பவர் மாதிரி சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குக்கரை எட்டி உதைத்தேன்.

விசாரணை நடந்தது. மேலாளர் என்னைக் கேட்டார், நடந்ததை நடந்தபடி சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டபோது நானும் கூட இருந்தேன், மொழிபெயர்க்க. அக்காவை அனுப்பிவிட அவர்களுக்கு மனமில்லை. கிரேன் ஓட்டுவதில் அவர் கை சுத்தம், அது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இனி மணி அடித்தால் எது தொங்கினாலும் நிறுத்தாமல் போடுவேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாற்காலி அவருக்கு. இன்னொரு தடவை நிறுத்தினால் கிரேன் கிடையாது. கீழே லாரித் தளத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வேலைதான், அதுவும் இடம் இருந்தால். அக்காவின் கணவர் முதுகு அடிபட்டு வீட்டோடு கிடந்தார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவர் அக்கா ஒருவர்தான். கீழ்த்தளத்துச் சம்பளத்தில் மருந்தும் வாடகையும் ஒன்றாக ஓடாது.

அக்கா மேசையைப் பார்த்தபடி, "சரி. நிறுத்தல" என்றார்.

அப்பாடா என்றுதான் இருந்தது எனக்கு. அக்கா சொன்ன சொல் தவறவில்லை. எடுத்தார், கொண்டுபோனார், போட்டார். மட்டம் இறங்கவே இல்லை. சூப்பர்வைசர் வந்து அக்காவுக்குக் கோப்பி வாங்கி வைத்துவிட்டுப் போனார். என் திரை அமைதியாக இருந்தது. எனக்கு அந்த ஆலையில் வேலை பார்த்த காலத்திலேயே முதல்முறையாகக் கால் நீட்டி உட்கார முடிந்தது.

சில வாரத்தில் ஒரு விஷயம் உறைத்தது. அக்கா இப்போது குழியைப் பார்ப்பதில்லை. கைப்பிடிகளைப் பார்க்கிறார், அளவுக் கருவியைப் பார்க்கிறார், கிராப் மேலே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தேக்காவுக்குப் போவதில்லை. கேலி செய்தால் சிரிப்பதும் இல்லை. அவர் பார்ப்பதை விட்ட அன்றிலிருந்து நான் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கிராப் ஒவ்வொரு முறை எழும்போதும் என் கண் திரையை விட்டுக் கண்ணாடிக்கு ஓடியது. இத்தனை நாள் அவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் எல்லோரும் துணி, துணி என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அடுத்த தீபாவளி நெருங்கியது. மழைபிடித்த ஒரு பிற்பகல். லாரிகள் தாமதம், வந்த குப்பை ஈரம், மட்டம் அடிக்கடி தொய்ந்தது. சூப்பர்வைசர் கவலையோடு எங்கள் அறையிலேயே நின்றுகொண்டிருந்தார். மணி அடித்தது. அக்கா கிராப்பை எழுப்பினார். ஒரு விரலில் ஊதாச் சேலை. சின்ன மூட்டை. இரண்டு பக்கமும் முடிச்சு.

நான் எழுந்துவிட்டேன். "அக்கா, நிறுத்துங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லெவல் பாரு தம்பி" என்றார் அக்கா. கிராப் ஹாப்பரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நான் பாத்துக்கறேன். கொஞ்சம் தாங்கும். ஒரு தடவை உதறிப் பாருங்க."

"மணி அடிக்குதுல்ல?" அவர் குரலில் ஒன்றுமே இல்லை. "மணி அடிச்சா நிறுத்தக் கூடாது."

கிராப் ஹாப்பருக்கு மேலே வந்து நின்றது. இரும்பு விரல்கள் திறந்தன. எல்லாம் விழுந்தது. சேலை மட்டும் ஒரு கணம் விரலில் ஒட்டிக்கொண்டு நின்று, அதுவும் விழுந்தது. தூசி எழுந்தது. மணி நின்றது. சூப்பர்வைசர் அக்காவின் தோளில் லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார்.

ஹாப்பருக்கு மேலே இருக்கும் கேமராவின் படம் என் மேசையில் வரும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூசி அடங்கியபோது தள்ளுபலகை தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. குப்பை ஒரு முழம் கீழே இறங்கி, ஊதா நிறம் எங்கும் இல்லை.

அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அது என்னவா இருந்துச்சு தம்பி?"

"பழைய துணிதான்க்கா."

"பாத்தியா?"

"பாத்தேன். நல்லாவே தெரிஞ்சுது. துணிதான்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ஷிப்ட் முடியும்வரை எடுத்தார், கொண்டுபோனார், போட்டார்.

மறுநாள் நான் வந்தபோது அந்த நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். அக்கா காலையிலேயே மேலாளரைப் பார்த்துத் கீழ்த்தள வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தேன். லாரித் தளத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு, குழிக்கு முன்னால் நின்றார். பின்னோக்கி வந்த ஒரு லாரியைக் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அது கொட்டுவதற்கு முன்னால் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

பார்த்தேன் என்று நான் சொன்னதை நம்பியிருந்தால் அக்கா கீழே போயிருக்க மாட்டார்.